முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார் என்று கேளுங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலும், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்த காலத்திலும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சேமநிதிப் பணத்தில் வாங்கிய தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் தனியாகவோ இருவராகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில், பினாங்கில், சிங்கப்பூரில். 2030-இல் மலேசிய மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 15 விழுக்காடாக இருப்பார்கள் என்று அரசு சொல்லிவருகிறது. இளையவர்கள் வெளியேறிவிட்ட தோட்டப்புற நகரங்களில் அந்த நிலைமை ஏற்கெனவே வந்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

முதியோர் இல்லம் என்ற பேச்சு பெரும்பாலும் நிதானமாகத் தொடங்குவதில்லை. அம்மா குளியலறையில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ‘திங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்’ என்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு. அந்த அவசரத்தில் கண்ணில் படுவது புது டைல்ஸ், ஏர்கான், வாசலில் இருக்கும் பூச்செடி, மாதக் கட்டணம். பாதுகாப்பைக் காட்டும் விஷயங்கள் இவற்றில் எதிலும் இல்லை. அவற்றை எங்கே தேடுவது, எதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பலகையில் ஒரு பெயர், சட்டத்தில் வேறு பெயர்

முதல் குழப்பமே பெயரில்தான். ‘முதியோர் இல்லம்’, ‘அன்பு இல்லம்’, ‘நர்சிங் ஹோம்’, ‘கேர் சென்டர்’ என்று பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சட்டம் பார்ப்பது அங்கே என்ன நடக்கிறது என்பதை.

1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 506, சமூக நலத்துறையின் கையில் இருக்கிறது. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் இதன் கீழ்ப் பதிந்திருக்க வேண்டும். ‘புசாட் ஜாகாஆன்’ என்று மலாயில் சொல்வது இதைத்தான். உணவு, குளியல், உடை, துணை, வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது ஆகியவை இதன் எல்லை. தாதியர் செய்ய வேண்டிய மருத்துவப் பராமரிப்பு கொடுக்கும் நர்சிங் ஹோம்களுக்கு 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 586-இன் கீழ், சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். முதியோருக்கான தனியார் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே சட்டம் 802 என ஒன்று 2018-இல் அரசிதழில் வெளியானது. ஆனால் அரசிதழில் வந்த பிறகும் அது அமலுக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. செய்திகளில் இந்த மூன்று எண்களும் மாறி மாறி வருவதால்தான் எந்த இல்லத்துக்கு எந்தச் சட்டம் என்று படிப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

நடைமுறையில் நீங்கள் கேட்க வேண்டியது சுலபம்: “உங்களுடையது சமூக நலத்துறைப் பதிவா, சுகாதார அமைச்சின் உரிமமா? சான்றிதழைப் பார்க்கலாமா?” தயங்காமல் காட்டினால் சரி. ‘மனு போட்டிருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறது’ என்றால் எந்தத் தேதியில் போட்டது, என்ன பாக்கி என்று கேளுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தாலும் பதிவு உண்டா என்று தெரிந்துவிடும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் மாவட்டம்.

தெரிந்த அக்கா ஒருவர் தன் வீட்டில் இரண்டு மூன்று பாட்டிகளை வைத்துப் பார்ப்பதும் உண்டு. நான்கு பேருக்குக் கீழே என்றால் பதிவு தேவையில்லை, ஆகவே யாரும் வந்து சோதிக்கவும் மாட்டார்கள். அது நல்ல இடமாகவே இருக்கலாம், ஆனால் அங்கே சோதனை அதிகாரி நீங்கள்தான்.

அரசு நடத்தும் ‘ரூமா செரி கெனாங்கான்’ இல்லங்கள் தனி வகை. ஈப்போ பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று இருக்கிறது. ஆதரவற்ற, குடும்பம் இல்லாத 60 வயதைக் கடந்தவர்களுக்கானவை அவை. பிள்ளைகள் இருந்து கட்டணம் கட்டிச் சேர்க்கும் இடம் என்று நினைத்து அலைய வேண்டாம்.

## சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

பதிவுக்கு மனுச் செய்யும் இல்லம் உள்ளூராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புத் துறையான போம்பா, சுகாதார அலுவலகம் ஆகியவற்றின் ஆதரவையும் வாங்க வேண்டும். இது சாதாரண விஷயம் இல்லை. குடியிருப்பு வீட்டை இல்லமாக மாற்ற அனுமதி, தீயணைப்பான், வெளியேறும் வழி, சமையலறைச் சுத்தம், இடவசதி எல்லாவற்றையும் ஒரு முறையாவது யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் அந்த ‘ஒரு முறை’ என்பதை மறக்கக் கூடாது. அதிகாரி வந்த அன்று கட்டடம் எப்படி இருந்தது என்பதைச் சான்றிதழ் சொல்லும். போன வாரம் இரண்டு பணியாளர்கள் விட்டுப்போனதை அது சொல்லாது. பன்னிரண்டு பேருக்கான இடத்தில் பதினெட்டுக் கட்டில் போட்டிருப்பதையும் சொல்லாது, கட்டிலை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பதிவு இல்லாத இடத்தைத் தவிர்க்கச் சான்றிதழ் உதவும். பதிவு உள்ள இரண்டு இடங்களில் எது மேல் என்று கேட்டால் அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது.

## முதலில் உங்கள் அம்மாவின் ஆபத்து எது?

‘இந்த இல்லம் பாதுகாப்பானதா?’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. யாருக்குப் பாதுகாப்பானது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நடக்கக்கூடிய, ஆனால் ஞாபகம் தவறும் அப்பாவுக்கு வாசல் கதவுதான் ஆபத்து. படுத்த படுக்கையான பாட்டிக்கு அந்தக் கதவால் ஒரு தொல்லையும் இல்லை, அவருக்கு ஆபத்து படுக்கைப் புண்ணும் தொண்டையில் சிக்கும் கஞ்சியும். இன்சுலின் போடும் அம்மாவுக்கு ஆபத்து இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் போகிறவருக்கு, வேனில் ஏற்றி இறக்கும் அந்தச் சில நிமிடங்களில்.

ஆகவே இல்லம் பார்க்கப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா, எங்கே, எந்த நேரத்தில், ராத்திரி எத்தனை முறை எழுகிறார், தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, என்னென்ன மருந்து, எந்த மொழியில் வலியைச் சொல்வார். ஒரு நல்ல இல்லம் இதையெல்லாம் தானாகவே உங்களிடம் கேட்கும். ஒன்றுமே கேட்காமல் ‘கவலைப்படாதீங்க, கொண்டாந்து விடுங்க, நாங்க பாத்துக்குறோம்’ என்று சொல்லும் இடத்தைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இல்லத்துக்குத் தன்னால் எதைச் செய்ய முடியாது என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பணத்துக்காகச் சொல்லவில்லை.

## இரவுக் கணக்கு

பகலில் எந்த இல்லமும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். மேலாளர் இருப்பார், சமையல்காரர் இருப்பார், பார்வையாளர்கள் வருவார்கள். எல்லாரும் போன பிறகு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை யார் இருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாற்பது வருஷம் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடிய உடம்பு அது. மறதி நோய் வந்த பிறகு பேரன் பெயர் மறந்துபோகலாம், விடியற்காலை நான்கு மணி மறப்பதில்லை. எழுந்து செருப்பைத் தேடுவார், இருட்டில் கதவைத் தள்ளுவார், கேட்டால் ‘நேரமாச்சு, பெரட்டு விட்டுடும்’ என்பார். இரவுப் பணியாளர் அசந்து தூங்கும் நேரமும் அதுதான்.

இதைக் காசுக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் பல விஷயம் புரியும்.

1. ஒரு பணியிடத்தில் இரவும் பகலும் ஒருவர் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம்.
2. வேலைச் சட்டப்படி 2023 முதல் ஒருவருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம். 168-ஐ 45-ஆல் வகுத்தால் 3.7. ஆக, ஒரே ஒரு பணியிடத்துக்கு நான்கு பேர் தேவை.
3. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஐந்துக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து. நான்கு பேருக்கு 6,800 ரிங்கிட்.
4. எந்நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டுமானால் 13,600 ரிங்கிட். இல்லத்தில் 12 முதியவர்கள் என்றால் தலைக்கு மாதம் சுமார் 1,130 ரிங்கிட்.

சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வீட்டு வாடகை, அரிசி, காய்கறி, மின்சாரம், சலவை எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. அப்படியிருக்க, அதே அளவுள்ள இல்லம் ஒன்று எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரம் ரிங்கிட் என்கிறதென்றால் மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும்: நன்கொடை வருகிறது, ஆள் குறைவு, அல்லது இருக்கிற ஆளே பகலும் இரவும் வேலை செய்கிறார். கோயில், தேவாலயம், அறவாரியம் நடத்தும் இல்லங்களில் முதல் காரணம் உண்மையாகவே இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். மற்ற இடங்களில் மீதி இரண்டுதான். குறைந்த கட்டணம் என்றாலே மோசடி என்று சொல்ல வரவில்லை. மிச்சப்படுத்தும் காசு பெரும்பாலும் இரவுப் பணியாளரிடமிருந்துதான் வருகிறது, அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதுதான்.

அதிகக் கட்டணம் வாங்கும் இடம் இரவில் நன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அங்கேயும் இதே கேள்வி: இரவில் எத்தனை பேர், அவர்கள் விழித்திருக்கிறார்களா அல்லது அங்கேயே படுத்துத் தூங்கிக் கூப்பிட்டால் எழுவார்களா? ‘ஆள் இருக்கிறார்’ என்ற ஒரே பதிலில் இந்த இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

## பூட்டும் தீயும்

தாமான் வீட்டை இல்லமாக மாற்றும்போது வரும் பெரிய சிக்கல் இது. நம் ஊர் வீடுகள் திருடனை வெளியே நிறுத்தக் கட்டியவை. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில், முன்கதவுக்கு மடக்குக் கிரில், அதில் பூட்டு, பின்சந்துக் கதவில் இன்னொரு பூட்டு. வெளியே நடந்துபோய்விடும் முதியவர்கள் இருந்தால் உள்ளேயிருந்தும் பூட்டுவார்கள். தீப்பிடித்தால் அந்தப் பூட்டே பொறியாகிவிடும். கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் 2017 செப்டம்பர் 14 அதிகாலை ஒரு சமயப் பள்ளி விடுதியில் நடந்ததை நாடே பார்த்தது. ஜன்னல்களில் கிரில், வெளியே வர வழியில்லை, 23 பேர் இறந்தார்கள். ஓடக்கூடிய பிள்ளைகளுக்கே அந்த நிலை என்றால், நடக்கவே முடியாதவர்களைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரவில் ஒரே பணியாளர், 15 முதியவர்கள், அதில் ஐந்து பேர் படுக்கையில். படுக்கையில் இருப்பவரை ஒருவராகத் தூக்க முடியாது, போர்வையில் வைத்துத் தரையில் இழுத்தால்தான் உண்டு. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலே ஐந்து பேருக்குக் கால் மணி நேரம். புகை அவ்வளவு நேரம் காத்திருக்காது. தீயில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான்.

எனவே பார்க்க வேண்டியவை: படுக்கையில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்களா? மாடி வீட்டில் மேலே படுக்கை நோயாளி ஒருவர் இருந்தாலும் எனக்கு அந்த இடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரவில் சாவி எங்கே? ஆணியிலா, பணியாளர் இடுப்பிலா, மேலாளர் வீட்டிலா? புகை உணர்கருவி இருக்கிறதா? தீயணைப்பானில் ஒட்டியிருக்கும் சோதனைத் தேதி முடிந்துவிட்டதா? கடைசியாக எப்போது வெளியேறும் ஒத்திகை நடத்தினார்கள், அது பகலிலா இரவிலா?

சாமி அறையையும் ஒரு பார்வை பாருங்கள். விளக்கேற்றுவது நல்லதுதான், முதியவர்களுக்கு அதில் மனசு நிறையும். ஆனால் விளக்கும் ஊதுபத்தியும் கொசுவர்த்திச் சுருளும் ஆக்சிஜன் போட்டிருப்பவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறியும் சட்டென்று பற்றிப் பரவும்.

## விழுதல்: குளியலறையும் கைலியும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். ‘எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் இரண்டே அர்த்தம்தான்: எழுதி வைப்பதில்லை, அல்லது யாரையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. ‘போன மாதம் இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவர் விழுந்த பிறகு அந்தப் படியை எடுத்துவிட்டோம்’ என்று சொல்கிறவரை நான் நம்புவேன்.

குளியலறைக்குள் போய் நில்லுங்கள். வாசலில் சிமெண்டுப் படி இருக்கிறதா? பெருவிரல் அதில்தான் தட்டும். தரையில் பாசியும் தலைக்கு வைத்த எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடிக் கம்பியை உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள், துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டும் இடங்களும் உண்டு. கதவு உள்பக்கம் திறக்கிறதென்றால், உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும் கதவோ, கழற்றி எடுக்கக்கூடிய கதவோ, திரையோ இருக்க வேண்டும். குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே உள்ள இடம் முழங்கால் தேய்ந்தவருக்கு ஆகாது. சுடுநீர் ஹீட்டருக்கு மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அறையில், கட்டில் உயரம் முழங்கால் அளவு. இரவு விளக்கு. கூப்பிடும் மணி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அதன் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டி வைத்திருப்பார்கள். கட்டிலின் இருபுறமும் கம்பி ஏற்றி வைத்தால் விழ மாட்டார் என்று நினைப்பது தவறு. குழப்பத்தில் இருப்பவர் கம்பியைத் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தரையில் புரளும் கைலிக்குப் பதில் கணுக்கால் வரை உள்ள உடுப்பு, ரப்பர் அடியுள்ள செருப்பு, இரண்டும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

விழுவதைவிடச் சில நேரம் மோசமானது, விழுந்த பிறகு யாரும் வராமல் தரையிலேயே கிடப்பது. பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் தசை நசிந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். உடம்பு வற்றிப்போகும், தோல் புண்ணாகும். இரவில் எத்தனை மணிக்கு ஒரு தடவை அறை அறையாகப் போய்ப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பதுதான் வழக்கமான அளவுகோல். புரட்டிய நேரம் எழுதியிருக்க வேண்டும்.

## மருந்துத் தாள்

ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்துத் தாள் இருக்கும்: மருந்தின் பெயர், அளவு, நேரம், கொடுத்தவர் கையெழுத்து. மற்றவர் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு நீங்கள் பார்க்கும்போது இரவு எட்டு மணிக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தால், அந்தத் தாள் மருந்து கொடுத்ததற்கான பதிவே இல்லை, அதிகாரிக்குக் காட்ட எழுதியது. முழு மாதமும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றாலும் சந்தேகப்படுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். பல இல்லங்களில் இரவுச் சாப்பாடு மாலை ஐந்து, ஐந்தரைக்கே முடிந்துவிடும், பணியாளர் வேலை முடிய வேண்டுமே. காலைச் சாப்பாடு எட்டு மணி என்றால் நடுவில் பதினான்கு, பதினைந்து மணி நேரம். இன்சுலின் போட்டுவிட்டு அம்மா அரைத்தட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல். ‘வயசாச்சு, ராத்திரியில உளறுது’ என்று விட்டுவிட்டால் காலையில் எழுப்ப முடியாமல் போகலாம். படுக்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுக்கிறார்களா, சாப்பிடாவிட்டால் ஊசியை என்ன செய்வார்கள், சர்க்கரை பார்க்கும் கருவி இரவில் யார் கையில் என்று கேளுங்கள். அரசு கிளினிக்கில் மாத மருந்து யார் போய் எடுப்பது என்பதும் முதல் நாளே பேசி முடிக்க வேண்டியது. ‘நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சோம்’ என்பதில்தான் பல மருந்துகள் நின்றுபோகின்றன.

## வலிக்கு எந்த மொழி?

இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் பலர் இந்தோனேசியா, மியன்மார், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறைய பேர். ஆனால் தோட்டத்து முதியவர்களில் பலருக்குத் தெரிந்த மலாய் கடைக்கும் ஆபீசுக்கும் போதுமான மலாய். மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழிதான் நிற்கும். அப்புறம் அம்மா ‘நெஞ்சை அடைக்குது’ என்கிறார், கேட்பவருக்குப் புரியவில்லை, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கிறார். இதைப் பண்பாட்டு விஷயம் என்று ஒதுக்க முடியாது. இது நேரடியான பாதுகாப்புக் கேள்வி.

தமிழ் பேசும் பணியாளர் ஒவ்வொரு வேளையிலும் ஒருவராவது இருப்பது சிறப்பு. இல்லாவிட்டால், அம்மா பயன்படுத்தும் சொற்களை ஒரு அட்டையில் படத்தோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: தண்ணி, வலி, மூச்சு, ஒண்ணுக்கு, தலைசுத்து. பக்கத்திலேயே மலாயில், தேவைப்பட்டால் பணியாளர் மொழியில். பணியாளர்களுக்கு முறையான வேலை அனுமதி இருக்கிறதா என்பதும் இங்கேதான் வரும். அனுமதி இல்லாதவர் போலீஸ், ஆம்புலன்ஸ் என்றாலே பயப்படுவார், நெருக்கடியில் போனை எடுக்கத் தயங்குவார்.

## 999-ஐ யார் கூப்பிடுவது?

சுங்கை சிப்புட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பக்கவாதம், மாரடைப்பு போன்றவற்றுக்கான நிபுணர் கவனிப்பு என்றால் சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குள் ஆம்புலன்ஸ், பயணம், ஸ்கேன் எல்லாம் முடிய வேண்டும்.

நேரம் வீணாவது சாலையிலா என்றால் பெரும்பாலும் இல்லை. பணியாளர் மேலாளரைக் கூப்பிடுவார், மேலாளர் சிங்கப்பூரில் இருக்கும் மகனைக் கூப்பிடுவார், மகன் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்திருப்பார். ஆகவே சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள்: வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலையில் அடி என்றால் முதலில் அவசர எண் 999, பிறகு குடும்பம். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கூடவே ஒரு உறையில் அடையாள அட்டை நகல், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, மருத்துவமனை அட்டை. ஆம்புலன்ஸில் அம்மாவோடு யார் ஏறுவார் என்றும் கேளுங்கள். இரவில் ஒரே பணியாளர் என்றால் அவர் ஏற முடியாது, மீதி பதினான்கு பேரை யார் பார்ப்பது?

## போய்ப் பார்க்கும்போது

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் தடவை சொல்லாமல், மாலைச் சாப்பாட்டு நேரத்தில். முடிந்தால் ஒரு தடவை இரவு எட்டரை, ஒன்பதுக்கு. உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நின்றாலே சில விஷயம் தெரியும்.

1. தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, வாய் காய்ந்த முகங்கள் தெரிகின்றனவா?
2. ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா? படுத்த நிலையில் ஊட்டுவதைக் கண்டால், அத்தோடு முடிவு செய்துகொள்ளலாம்.
3. மூத்திர வாடை எல்லா இல்லத்திலும் எப்போதாவது வரும். இரண்டு தடவை போனபோதும் அதே மூலையில் அதே வாடை என்றால் ஆள் போதவில்லை.
4. யாரையாவது துணியால் நாற்காலியோடு கட்டி வைத்திருக்கிறார்களா? ‘பாதுகாப்புக்குத்தான்’ என்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தாரா, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள்.
5. பணியாளர்கள் முதியவர்களைப் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிடுகிறார்களா? தாத்தா, பாட்டி, அம்மா, எதுவானாலும் சரி. ‘மூணாம் நம்பர் கட்டில்’ என்றால் சரியில்லை.
6. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் தண்ணீர் ஏறுமா? இதை இல்லத்தில் கேட்காதீர்கள், பக்கத்துக் கடையில் கேளுங்கள்.

கேமரா இருக்கிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொள்ள அது உதவும். இரவு இரண்டு மணிக்கு அந்தத் திரையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

இரண்டு வாரம் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். அந்த இரண்டு வாரத்தில் எடை, தோல், தூக்கம், முகம் நான்கையும் கவனித்தால் விளம்பரத் தாளைவிட அதிகம் தெரியும்.

## கையெழுத்துப் போடும் முன்

ஒப்பந்தத்தில் டயப்பர், பால்மாவு, கிளினிக் போகும் வண்டிச் செலவு எது கட்டணத்தில் அடங்கும், எது தனி என்பதை எல்லாரும் கேட்பார்கள். ரசீது வாங்கி வையுங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை விலக்கு இருக்கிறது, மருத்துவச் சான்றும் ரசீதும் இருந்தால்தான் அதைக் கோர முடியும்.

அதிகம் பேர் கேட்காத கேள்வி நிலைமை மாறும்போது என்ன ஆகும் என்பது. நடந்துகொண்டிருந்தவர் படுக்கையானால் இதே இல்லம் வைத்துக்கொள்ளுமா? மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் போட்டுவிட்டால்? வெறும் பராமரிப்பு மையமாகப் பதிந்த இடம், தாதியர் இல்லாமல் மூக்குக் குழாய் வழியே பால் ஊற்றுவது நல்லெண்ணத்தில் செய்தாலும் ஆபத்தான வேலை. குழாய் நழுவி மூச்சுப் பக்கம் போயிருந்தால் பால் நுரையீரலுக்குப் போகும். அந்தக் கட்டத்தில் ‘முடியாது, வேறு இடம் பாருங்கள்’ என்று நேர்மையாகச் சொல்லும் இல்லம்தான் நல்ல இல்லம். எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பதை மட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காயம், பட்டினி, அடி என்று சந்தேகம் வந்தால் படம் எடுத்து, தேதி எழுதி, முதலில் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகம், அல்லது ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி எண் 15999. உயிருக்கு ஆபத்து என்றால் நேராக 999. முதியவர் தானாகவே ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் தலைமுறை அது. ஆகவே குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு நாள் கூட இருந்து முதுகையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பும் அம்மா, போனபோது இருந்த அம்மா இல்லை. மருந்து மாறியிருக்கும், கால் தளர்ந்திருக்கும், விழுங்குவது மாறியிருக்கும். இல்லத்தில் அதே பழைய தாளை வைத்துக்கொண்டு பழையபடியே பார்ப்பார்கள். திரும்பிய அன்றே மேலாளரோடு உட்கார்ந்து மருந்துப் பட்டியல், நடை, உணவு மூன்றையும் புதிதாக எழுதவையுங்கள். அன்றிரவு பணியில் இருப்பவரிடமும் அதைச் சொன்னார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.